பைக்குக் காசு கொடுக்கிறோம், குப்பைக்கு யார் கொடுப்பது?

2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடைகளில் ஷொப்பிங் பேக் இலவசமில்லை. கைப்பிடியுள்ள பொலித்தீன் பைகளுக்குக் கட்டணம் அறவிட வேண்டும், அதைப் பற்றுச்சீட்டிலும் காட்ட வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி மூலம் அறிவித்தது. சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பின்னணியில் வந்த நடவடிக்கை இது. நல்ல விடயம்தான். வீட்டிலிருந்து துணிப்பை கொண்டு போகும் பழக்கம் சிலருக்காவது திரும்பியிருக்கிறது. எனது மனைவி இப்போது என்னைக் கடைக்கு அனுப்பும்போது பட்டியலுக்கு முன்னர் பையைத்தான் கையில் தருகிறார்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. நாம் கொடுக்கும் அந்தக் காசு எங்கே போகிறது? கடைக்காரரின் லாச்சிக்குள். பையின் விலையைக் கடையே தீர்மானிக்கிறது, வருமானமும் கடைக்கே. அதிலிருந்து ஒரு சதமேனும் அந்தப் பையை வீதியிலிருந்து பொறுக்கும் பிரதேச சபைத் தொழிலாளிக்கோ, அதை மீள்சுழற்சி செய்பவருக்கோ போகும்படி ஏற்பாடு இல்லை. அயர்லாந்தில் 2002 இல் பைக்கு 15 சென்ட் விதித்தபோது அதை அரசாங்கம் வரியாக அறவிட்டு, சுற்றாடலுக்கான தனி நிதியத்தில் சேர்த்தது. நாம் பழக்கத்தை மாற்றும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். குப்பைக்குப் பணம் தேடும் பகுதியை விட்டுவிட்டோம்.

இந்த இரண்டாவது பகுதி பற்றியே இந்தக் கட்டுரை. பொதி செய்யும் பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவருபவர் அவை குப்பையான பின்னரும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கைக்கு 'விரிவுபடுத்தப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்று பெயர். 1990 இல் சுவீடனில் உருவான கருத்து. அடுத்த ஆண்டே ஜெர்மனி அதைப் பொதிகளுக்குச் சட்டமாக்கியது. இலங்கையிலும் இது புதிய பேச்சல்ல. இலங்கை வர்த்தக சம்மேளனம், சுற்றாடல் அமைச்சு, மத்திய சுற்றாடல் அதிகார சபை ஆகியன சேர்ந்து பிளாஸ்டிக் பொதிகளுக்கான வழிகாட்டல் திட்டமொன்றை வகுத்தன. 2021 முதல் 2030 வரையான தேசிய செயற்றிட்டமும் உண்டு. ஆனால் கம்பனிகளின் பக்கம் இதுவரை நடந்தவற்றில் பெரும்பாலானவை சுயவிருப்பத்தின் அடிப்படையிலானவை. விரும்பிய கம்பனி சேகரிப்புப் பெட்டி வைக்கும், விரும்பாத கம்பனி வைக்காது.

சுயவிருப்பம் எதுவரை போகும் என்பதை எனக்கு விளக்கியது பாடசாலைதான்.

தரம் 8 மாணவர்களைக் கொண்டு ஒரு வாரம் இடைவேளைக் குப்பைகளைச் சேகரித்து வகை பிரித்தோம். பிளாஸ்டிக் பொருட்களின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் இலக்கம் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து உரப்பைகளில் போட்டோம். வார முடிவில் பழைய சாமான் வாங்கும் காக்கா ஒருவரை வரவழைத்தோம். அவர் இலக்கம் 1 இட்ட பைக்குள், அதாவது குடிபானப் போத்தல்கள் இருந்த பைக்குள், கையை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். யோகட் கப் பையை ஓரமாகத் தள்ளினார். பிஸ்கட், சிப்ஸ், டொபி உறைகள் நிறைந்த பையை அவிழ்க்கவே இல்லை. "சேர், இத நான் சும்மா தந்தாலும் எடுக்கமாட்டன்" என்றார். மூன்று பைகளில் மிகப் பெரியது அதுதான்.

அவர் சொன்னதில் பிழையில்லை. பெட் போத்தலுக்குச் சந்தை இருக்கிறது. ஹொரணையில் அதை உருக்கி நூலாக்கும் தொழிற்சாலை இருக்கிறது, அந்த நூல் ஆடைத்தொழிலுக்குப் போகிறது. ஆகவே கம்பனிகள் தம் சமூகப் பொறுப்புத் திட்டங்களுக்குப் போத்தலையே தெரிவுசெய்கின்றன. சேகரிப்பதும் இலகு, புகைப்படம் எடுப்பதும் இலகு. பிஸ்கட் உறையோ அப்படியல்ல. பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியப் படலம், பசை, மீண்டும் பிளாஸ்டிக் என்று அடுக்கடுக்காக ஒட்டப்பட்டது அது. ஈரமும் காற்றும் புகாமல் பிஸ்கட் மொறுமொறுப்பாக இருப்பதற்கு அந்த அடுக்குகள் தேவை. அவற்றைப் பிரித்தெடுப்பதற்கு ஆகும் செலவு, பிரித்த பின் கிடைப்பதன் விலையை விட அதிகம். இலாபமில்லாத இந்தக் குப்பையை யாரும் தாமாக முன்வந்து பொறுப்பேற்கப் போவதில்லை. சட்டம் தேவைப்படுவது இங்குதான்.

தடைச் சட்டங்கள் நம்மிடம் நிறைய உண்டு. மீதொட்டமுல்லை குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு தினத்தில் சரிந்து 32 உயிர்களைக் காவுகொண்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீட், ரெஜிபோம் பெட்டி, 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் தடைசெய்யப்பட்டன. 2021 இல் 20 கிராம் அல்லது 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சஷே பக்கட்டுகள் தடைசெய்யப்பட்டன. ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விதிவிலக்கு. எந்தப் பெட்டிக்கடையிலும் மேலே சரம்சரமாகத் தொங்குவதில் பாதிக்கு மேல் உணவுப் பொருள்தானே! 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, கரண்டி, முள்ளுக்கரண்டி, இடியப்பத் தட்டு ஆகியன பட்டியலில் சேர்ந்தன. ஒவ்வொரு தடையிலும் அதிகாரிகள் போய் நின்றது சிறு கடைக்காரரின் வாசலில். லஞ்ச் சீட்டுக்காகத் தண்டப்பணம் கட்டிய சோற்றுக்கடைக்காரரை நான் அறிவேன். அதே கடையின் குளிர்சாதனப் பெட்டியில் பெயர் பெற்ற கம்பனிகளின் போத்தல்கள் வரிசையாக நின்றன. அவற்றை எவரும் கேள்வி கேட்கவில்லை.

வழமையாக மேற்கோள் காட்டப்படும் கணக்கின்படி இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை இலட்சம் தொன் பிளாஸ்டிக் கழிவு சேர்கிறது. மீள்சுழற்சிக்குப் போவது 11 சதவீதமளவில்தான். மிகுதியில் ஒரு பகுதி எங்கே போகிறது என்று அம்பாறை மாவட்டத்துக் கரையோர மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர்களின் குப்பை பள்ளக்காட்டுக்குப் போகிறது. அங்கே யானைகள் வந்து பொலித்தீனோடு சேர்த்து எச்சில் உணவைத் தின்கின்றன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அவ்வாறு இறந்ததாக 2022 ஆரம்பத்தில் வந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் இடம்பிடித்தது. குப்பைமேட்டைத் தேடி வரப் பழகிய யானை, வழியில் வயலுக்குள்ளும் இறங்குகிறது. அந்தச் செய்தி எந்த உலகப் பத்திரிகைக்கும் போவதில்லை.

புத்தளத்துச் சகோதரர்களுக்கோ இது வேறு வடிவத்தில் வந்தது. கொழும்புக் குப்பைக்கு இடம் தேடி, 170 கிலோமீற்றருக்கு அப்பால் அருவக்காலுவைத் தெரிவுசெய்தார்கள். 2018, 2019 ஆண்டுகளில் ஆண்களும் பெண்களும் வீதிக்கு வந்து போராடினார்கள். 'எங்கள் ஊருக்கு ஏன்?' என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் அப்போது நாம் எவரும் அதற்கு முந்திய கேள்வியைக் கேட்கவில்லை: இவ்வளவு குப்பையை ஏன் உருவாக்க வேண்டும், அதை அகற்றும் செலவு யாருடையது?

சட்டப்படி அது உள்ளூராட்சி மன்றத்தின் செலவு. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் குப்பை அகற்றும் கடமையைச் சபைக்கே கொடுத்திருக்கிறது. சபைக்குப் பணம் சோலைவரியிலிருந்தும் அரசின் மானியத்திலிருந்தும் வர வேண்டும். ஆகவே கம்பனி உறையை அச்சிட்டு விற்கிறது, அதை அள்ளும் உழவு இயந்திரத்துக்கு டீசல் அடிப்பது நாம்.

முன்னர் இப்படி இருக்கவில்லை என்பதை என் வயதுக்காரர் அறிவர். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது சோடா வாங்கப் போனால் வெறும் போத்தலைக் கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் போத்தலுக்கு வேறாகக் காசு வைக்க வேண்டும். பெருநாள் முடிந்தால் வீட்டில் சேர்ந்த போத்தல்களைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் வாங்குவது சிறுவர்களின் உரிமை. அதற்காகச் சண்டையும் பிடித்திருக்கிறோம். நிறைந்த போத்தலோடு வந்த லொறி வெறும் போத்தலோடு திரும்பியது. கழுவுவதும் ஏற்றி இறக்குவதும் கம்பனியின் செலவு. பிளாஸ்டிக் போத்தல் வந்ததும் அந்தச் செலவு கம்பனிக்கு மிச்சமானது. ஆனால் செலவு மறைந்துவிடவில்லை, சபையின் தலையில் ஏறியது. லொறி இன்றும் கல்முனைக்கு நிறைந்துதான் வருகிறது, திரும்பும்போது வெறுமையாகப் போகிறது. அதேவேளை எங்கள் பழைய சாமான் வியாபாரி, ஐம்பது அறுபது போத்தல் சேர்ந்தால்தான் ஒரு கிலோ என்ற நிலையில், காற்றைச் சுமந்துகொண்டு மேல் மாகாணம் வரை லொறி வாடகை கொடுக்கிறார்.

வைப்புப் பணமுறை இன்றும் சாத்தியம்தான். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறைப் பாவனைப் போத்தலுக்கு 25 சென்ட் வைப்புப் பணம். நூற்றுக்கு 95க்கும் மேற்பட்டவை திரும்பி வருகின்றன. அது பணக்கார நாடு என்பீர்கள். தமிழ்நாட்டின் நீலகிரியில் 2022 முதல் நீதிமன்ற உத்தரவின் பேரில் அரச மதுக்கடைகள் போத்தலுக்கு 10 ரூபா மேலதிகமாக வாங்கி, வெறும் போத்தலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கின்றன. மதுப் போத்தல் நமக்கு உகந்த உதாரணமல்லதான். ஆனால் காட்டு யானையின் காலில் கண்ணாடி குத்தாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது என்பதால் சொல்கிறேன்.

திரும்பப் பெற முடியாத உறைகளுக்கு எடையின்படி கட்டணம்தான் வழி. 'விலை ஏறுமே, 2022 நெருக்கடிக்குப் பின் சனம் சஷே வாங்கித்தானே சமாளிக்கிறது?' என்ற கேள்வி வரும். கணக்குப் பார்ப்போம். கிலோவுக்கு 50 ரூபா கட்டணம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 3 கிராம் உறைக்கு 15 சதம்தான் வரும். அதே கட்டணம் ஓர் இலட்சம் தொன் பொதிக்கு அறவிடப்பட்டால் 500 கோடி ரூபா. இப்போது நாம் கடையில் வாங்கும் பையோ ஐந்தாறு கிராம். அதற்கு ஐந்து ரூபா கொடுத்தால் கிலோவுக்கு எண்ணூறு, ஆயிரம் ரூபா கொடுக்கிறோம் என்று அர்த்தம். பாவனையாளரால் அதைத் தாங்க முடியுமென்றால் கம்பனியால் 15 சதத்தைத் தாங்க முடியாதா?

இதில் நம்மவர்களையும் விட்டுவிட முடியாது. மிக்ஸர், ஐஸ் பக்கட், தண்ணீர்ப் போத்தல் செய்பவர்களில் எமது ஊர் முதலாளிகள் பலர். பள்ளிவாசல் கஞ்சியைச் சட்டியில் வாங்கிய காலம் போய்ப் பொலித்தீன் பையில் கட்டிக் கொடுக்கிறோம். ஆறு பேர் ஒரு சஹனில் உண்ட கலியாண வீட்டில் இன்று ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். சிறு உற்பத்தியாளருக்கு எல்லையொன்று வைத்துச் சலுகை கொடுக்கலாம், ஆனால் 'பெரிய கம்பனிகள் மட்டும்' என்று நாம் பேசினால் அது நேர்மையாகாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தியா 2022 இல் இதைக் கட்டாயமாக்கி, மீள்சுழற்சிச் சான்றிதழ்களைக் கம்பனிகள் வாங்கலாம் என்றது. மறு ஆண்டே இலட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. கணக்காய்வு இல்லாத பொறுப்பு வெறும் காகிதம்தான். அறவிடும் பணம் திறைசேரியின் பொதுக் கணக்கில் கரைந்துபோனாலும் பயனில்லை. அது சேகரிக்கும் சபைக்கு எடையின்படி வர வேண்டும். பொறுக்கும் தொழிலாளிக்குக் கையுறையாகவும் கூலியாகவும் போய்ச் சேர வேண்டும். ஹொரணையைத் தாண்டிக் கிழக்கிலும் போத்தல்களை அமுக்கிக் கட்டும் இயந்திரமொன்றாவது நிறுவப்பட வேண்டும்.

2025 தேர்தலுக்குப் பின் நம் சபைகளில் மீண்டும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். க்ளீன் ஸ்ரீ லங்கா என்று அரசாங்கமும் பேசுகிறது. வரவு செலவுத் திட்டத்தில் குப்பை அகற்றச் சபை எவ்வளவு செலவழிக்கிறது, அதில் கம்பனிப் பொதிகளின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்து வெளியிடும்படி தவிசாளர்களைக் கேட்கலாம். கொழும்பில் கம்பனிகளோடு பேச உட்காரும் அமைச்சரின் கையில் அப்படியான இலக்கங்கள் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

எங்கள் பாடசாலையின் மூன்றாவது உரப்பை ஒரு மாதம் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. எலி வருகிறது என்று அதிபர் சொன்னதால் சபையின் உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டோம். "எங்க சேர் கொண்டு போறாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். பள்ளக்காட்டுக்கு என்றேன்.