சுண்டுவிரல் வரை ஓடும் இதயப் பாதை!

உங்கள் இடது கையை நீட்டுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். வலது கை விரலை அக்குளின் நடுவில் வைத்து, புஜத்தின் உள்பக்கமாக, முழங்கை மடிப்பின் உள் ஓரம் வழியாக மணிக்கட்டு வரை இழுத்து வாருங்கள். அங்கிருந்து உள்ளங்கையைத் தாண்டி, சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தில், மோதிர விரலைப் பார்த்த பக்கத்தில் நிறுத்துங்கள். சீன அக்குபங்சரில் ‘இதய மெரிடியன்’ என்பது இந்தப் பாதைதான். வலது கையிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. மொத்தம் 9 புள்ளிகள். மணிக்கட்டு ரேகையில் இருக்கிற 7-வது புள்ளிக்கு ‘ஷென்மென்’ என்று பெயர். தூக்கம் வராதவர்களுக்கும் படபடப்புக்காரர்களுக்கும் ஊசி குத்துகிற இடம்.

இது நேற்று வந்த சங்கதி இல்லை. 1973-ல் சீனாவில் மாவாங்டுய் என்ற இடத்துக் கல்லறையில் பட்டுத்துணிச் சுவடிகள் கிடைத்தன. கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறை! அதிலேயே 11 பாதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. பிற்பாடுதான் 12 ஆனது. நம் நாட்டுக்கு இதைக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பி.கே.பாசு. 1938-ல் டாக்டர் கோட்னிஸோடு சீனா போன ஐவர் குழுவில் ஒருவர்.

சரி, உடலை அறுத்துப் பார்த்தால் இந்தப் பாதை தெரியுமா? தெரியாது. நரம்பு மாதிரியோ ரத்தக்குழாய் மாதிரியோ எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் ஒரு ஆச்சரியம் பாருங்கள். மாரடைப்பு வலி பலருக்கு இடது கையின் உள்பக்கமாகத்தான் இறங்கும், சுண்டுவிரல் வரைக்கும். காரணம், இதயத்திலிருந்து வலிச்செய்தி கொண்டு வரும் நரம்புகளும், கையின் உள்பக்கத் தோலிலிருந்து வரும் நரம்புகளும் முதுகுத்தண்டில் ஒரே மட்டத்தில் போய்ச் சேருகின்றன. எது இதயம், எது கை என்று மூளை குழம்பிவிடுகிறது. சீனத்துப் பெரியவர்கள் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்துத்தான் இந்தக் கோட்டை வரைந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வரைபடமாக இதை மதிக்கலாமுங்க. வைத்தியம் என்று வரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ‘மாரடைப்பா? சுண்டுவிரல் நுனியை அழுத்துங்கள்’ என்று செல்போனில் வந்ததை அப்படியே அடுத்தவருக்கு அனுப்புகிறோமே! அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை விரலை அழுத்தித் திறக்க முடியாது. ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலை மணிக்கட்டுப் புள்ளி ஒன்று குறைக்கிறது என்பதற்கு ஆராய்ச்சிச் சான்று உண்டு, ஒப்புக்கொள்கிறேன். குமட்டல் வேறு, மாரடைப்பு வேறு.

நம் உடுமலைப் பக்கம் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. நெஞ்சை அடைத்தால் “வாய்வுப் பிடிப்பு, ஓமத்தண்ணி குடிச்சா சரியாப் போயிரும்” என்று படுத்துவிடுவது. இங்கிருந்து கோவை சுமார் 70 கிலோமீட்டர். வீட்டிலேயே ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டால் மிச்சம் என்ன? நெஞ்சில் பாரம், கையிலோ தாடையிலோ முதுகிலோ வலி, குப்பென்று வியர்வை என்றால் உடனே 108-க்குப் போன் போடுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, அசதியாகவும் வரலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே, 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதலுதவியாக மூன்று வகை மாத்திரைகள் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

இன்னொன்று. வலியோடு தானே பைக்கை உதைத்து ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நம் ஊரில் ஜாஸ்தி. அதை மட்டும் செய்யாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்தே இருங்கள். நடக்கவோ படி ஏறவோ வேண்டாம்.