யார் வீட்டு அரை லிட்டர்?

ஒரு நாளைக்கு அரை லிட்டர்! இந்திய நாட்டில் வாழும் ஒவ்வொருவர் பெயரிலும் அவ்வளவு எண்ணெய், அதற்குச் சற்று மேலாகவே, செலவு எழுதப்படுகிறது. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ அல்ல; நிலத்தின் வயிற்றிலிருந்து எடுக்கும் பெட்ரோலிய எண்ணெய். பெட்ரோல், டீசல், சமையல் காஸ், மண்ணெண்ணெய், விமானத்துக்கு ஊற்றுவது, சாலைக்கு இடும் தார் ஆகிய அனைத்தும் சேர்ந்த கணக்கு அது. 2024-25ஆம் ஆண்டில் நாடு முழுவதும் செலவானது ஏறத்தாழ 23 கோடியே 90 லட்சம் டன். அதை 145 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டொன்றுக்கு 165 கிலோ வருகிறது.

குடியரசு பிறந்த காலத்தில் நிலைமை எப்படி இருந்தது? 1950-51இல் நாடு முழுவதற்குமாக ஏறத்தாழ 35 லட்சம் டன்தான் செலவு. மக்கள் தொகை 36 கோடி. தலைக்குப் பத்துக் கிலோகூட வரவில்லை. 1970-71இல் அது 33 கிலோ ஆயிற்று. 2000-01இல் 97 கிலோ. 2024-25இல் 165 கிலோ. முக்கால் நூற்றாண்டில் ஏறத்தாழ பதினேழு மடங்கு! மாட்டு வண்டி போன தடத்தில் லாரி போகிறது. கட்டுமரம் மிதந்த கடலில் விசைப்படகு விரைகிறது. விறகு புகைந்த அடுப்படிகள் பலவற்றில் காஸ் அடுப்பு எரிகிறது. மக்கள் வாழ்வு மாறியதன் சுவடு இந்த எண்ணிலே இருக்கிறது. அதைக் கண்டு வருந்த வேண்டியதில்லை.

உலகத்தோடு ஒப்பிட்டால்தான் நம் அரை லிட்டரின் அளவு விளங்கும். உலகச் சராசரி, தலைக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர். சீனத்தில் அதற்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவிலோ 9 லிட்டருக்கும் அதிகம்! ஓர் அமெரிக்கர் ஒரே நாளில் எரித்துத் தீர்க்கும் எண்ணெய், ஓர் இந்தியரின் கணக்கில் இரண்டு வாரங்களுக்கு மேல் வருகிறது.

அந்த அமெரிக்காதான் 2025 ஆகஸ்டில், ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, இந்தியச் சரக்குகள் மீது 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஒன்பது லிட்டர்க்காரர் அரை லிட்டர்க்காரருக்குத் தண்டனை விதித்தார்! எண்ணெய்க் கப்பலைக் கண்ணாலும் கண்டிராத திருப்பூர்ப் பனியன் தொழிலாளியின் முதுகிலும் அந்த அடி விழுந்தது. அப்போது டில்லி ஆட்சியாளர்கள் சொன்ன பதில் என்ன? 140 கோடி மக்களின் எரிபொருள் தேவைக்காகவே வாங்குகிறோம் என்றார்கள். 1992இல் ரியோ நகரில் நாடுகள் கையெழுத்திட்ட தட்பவெப்ப உடன்பாட்டிலும், பொறுப்பு அனைவருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்ற கொள்கை இடம்பெற்றது. மொத்தத்தைப் பார்க்காதீர்கள், தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள் என்பதே அன்றுமுதல் இந்தியாவின் வாதம்.

நியாயமான வாதம். நாமும் அதன் பக்கமே நிற்கிறோம். ஆனால் தோழர்களே, உலக சபையில் நீட்டும் அளவுகோலை ஊருக்குள் வந்ததும் மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவது என்ன நியாயம்?

பந்தியில் ஒருவர் இரண்டு இலை போட்டு உண்கிறார். இன்னொருவர் பசியோடு வாசலில் நிற்கிறார். கணக்குப்பிள்ளையோ, தலைக்கு ஓர் இலை என்று எழுதிவிட்டுப் போகிறார். சராசரி என்பது அந்தக் கணக்குப்பிள்ளையின் வேலைதான். அரை லிட்டர் என்பது யார் வீட்டு அரை லிட்டர் என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. நூறு வீடுகளில் கார் உள்ளவை எட்டுக்கும் குறைவு. ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ உள்ளவை ஏறத்தாழ ஐம்பது. சமையலுக்குக் காஸ், மின்சாரம் முதலிய புகையில்லா எரிபொருளைப் பயன்படுத்துபவை 59; கிராமங்களை மட்டும் எடுத்தால் 43 தான். அரை லிட்டர் என்று யார் பெயரில் எழுதினார்களோ, அந்தக் கிராமத்துத் தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோர் அப்போதும் சுள்ளி பொறுக்கி, வறட்டி தட்டி, கண் எரிய ஊதிக்கொண்டிருந்தார்கள்.

காஸ் இணைப்புக் கொடுத்தோமே என்பார்கள். உண்மை. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் வழங்கப்பட்டன. வரவேற்கிறோம். ஆனால் இணைப்பு வேறு, அடுப்பு எரிவது வேறு. அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிய சிலிண்டர்கள் நான்கு அல்லது ஐந்துதான். சமையல் முழுவதும் காஸிலே நடக்கும் வீட்டுக்கு அது போதுமா? மீதி நாட்களுக்குப் பழைய விறகடுப்புதான். இன்னொரு பக்கம், ரேஷன் கடையில் கிடைத்த மண்ணெண்ணெய் படிப்படியாகச் சுருங்கியது. 2000-01இல் நாட்டின் மண்ணெண்ணெய்ச் செலவு 1 கோடி டன்னுக்கு மேல். 2024-25இல் 5 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. மின்விளக்கும் காஸும் வந்ததால் குறைந்த பங்கு நல்லது. காஸ் வாங்கப் பணமின்றி, மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனவர்களின் பங்கும் அந்தக் குறைவுக்குள் மறைந்திருக்கிறது.

வரிக்கு வருவோம். 2014 நவம்பருக்கு முன் பெட்ரோல் மீது மத்திய அரசின் வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. டீசல் மீது 3 ரூபாய் 56 காசு. 2020இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பாதாளத்துக்குச் சரிந்தது. இங்கே விலை இறங்கியிருக்க வேண்டுமல்லவா? அந்த மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏறியது. பெட்ரோல் வரி 32 ரூபாய் 98 காசு. டீசல் வரி 31 ரூபாய் 83 காசு. பிறகு 2021லும் 2022லும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மீண்டும் 2 ரூபாய் ஏற்றினார்கள்.

பங்க்கில் நிற்கும் குழாய்க்குக் கண் கிடையாது. கோடீஸ்வரரின் காருக்கும் கொத்தனாரின் மொபெட்டுக்கும் அது ஒரே வரியைத்தான் வாங்கும். கார் வைத்திருப்பவருக்கு அது கைச்செலவு. கொத்தனாருக்கு அது நாள் கூலியில் ஒரு பங்கு. வண்டியே இல்லாதவர் தப்பித்தாரா? டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும். வாடகை ஏறினால் வெங்காயமும் பருப்பும் ஏறும். குறைவாக எண்ணெய் எரிக்கிறவர் தம் வருமானத்தில் அதிகப் பங்கை இழக்கிறார்.

மாநில அரசுகளும் வரி வாங்குகின்றனவே என்று கேட்கலாம். வாங்குகின்றன, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டில்லி வாங்கும் வரியின் உள்ளமைப்பைப் பாருங்கள். 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் பெட்ரோல் மீது நின்ற 19 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்புக்குப் போனது 1 ரூபாய் 40 காசு மட்டும். மற்றவை செஸ் என்றும் கூடுதல் வரி என்றும் பெயர் சூட்டிக்கொண்டு டில்லிக் கஜானாவிலேயே தங்கிவிட்டன. பேருந்து விடுவது மாநிலம். பள்ளியும் மருத்துவமனையும் நடத்துவது மாநிலம். பணப்பெட்டியின் சாவி மட்டும் டில்லியில்!

இன்னொரு கேள்வியும் எழும். ஏழைக்கு அதிக எண்ணெய் வேண்டும் என்கிறீர்களே, எண்ணெய்க்கு எங்கே போவது? அசாமின் திக்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே எண்ணெய் கண்டோம். 1974இல் பம்பாய்க் கடலிலே கண்டோம். எனினும் 2024-25இல் நாட்டின் தேவையில் நூற்றுக்கு 88 பங்கு கடல் கடந்துதான் வந்தது. ஆகவே சிக்கனம் கட்டாயம் வேண்டும். யார் சிக்கனம் செய்வது என்பதே கேள்வி. ஆண்டுக்கு நாலு சிலிண்டர் வாங்குகிறவரிடம் சிக்கனம் போதிப்பது, பட்டினி கிடப்பவனுக்குப் பத்தியம் சொல்வது போன்றது.

சிக்கனத்துக்கு வழி நம் தெருவிலேயே ஓடுகிறது. ஒரு லிட்டர் டீசலில் நகரப் பேருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஓடும். 50 பேரைச் சுமந்து செல்லும். அந்த 50 பேரும் ஆளுக்கொரு காரில் அதே தூரம் போனால், 12 லிட்டருக்கு மேல் வேண்டும். தமிழகத்தில் 2021 மே மாதத்திலும் கர்நாடகத்தில் 2023 ஜூனிலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கியபோது, இது வீண் செலவு என்று சிலர் முகம் சுளித்தார்கள். எண்ணெய்க் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் சுளித்த முகம் மலர்ந்திருக்கும். பேருந்தின் எண்ணிக்கை பெருக வேண்டும், கடைக்கோடிக் கிராமத்துக்கும் அது போக வேண்டும் என்று கேட்பதே நியாயமான குறை.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஏழை வீட்டுக் காஸ் அடுப்பு ஆண்டின் பன்னிரண்டு மாதமும் எரியும் விலைக்குச் சிலிண்டர் கொடுங்கள். எண்ணெய் வரியை மாநிலங்களோடு ஒளிவு மறைவின்றிப் பங்கிடுங்கள். அந்தப் பணத்தில் பேருந்தும் ரயிலும் பெருகட்டும். மின்சார வாகனத்துக்கு அள்ளிக் கொடுக்கும் சலுகை, சீமான் வீட்டுக் காருக்கு முன் ஏழை ஏறும் பேருந்துக்குப் போகட்டும்.

தலைக்கு எவ்வளவு என்று உலகத்தைக் கேட்கும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அதே கேள்வியை டில்லியைப் பார்த்துக் கேட்கும் உரிமை, விறகடுப்பின் முன் குனிந்திருக்கும் தாய்க்கும் உண்டு. அவர் பெயரில் எழுதிய அரை லிட்டரை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேருங்கள்.