மாசம் பத்து பர்சன்டா, தம்பி?

புனேயில் என்னோட ரூம்ல இருக்கும் திருநெல்வேலித் தம்பி நேத்து கேட்டான்: "அண்ணே, கரன்சி டிரேடிங்ல மாசம் பத்து பர்சன்ட் வந்தா போதும்ணே. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த ஒரு லட்சம் இருக்கு."

கால்குலேட்டரைத் தட்டினேன். லாபத்தைத் தொடாம விட்டா ஒரு வருஷத்துல 3.14 லட்சம், பத்து வருஷத்துல 927 கோடி! அப்படி ஒருத்தரையாவது பார்த்திருக்கீங்களா மக்களே?

எக்ஸ்சேஞ்சில் டாலர்-ரூபாய் ஒரு லாட் 1,000 டாலர். ஒரு ரூபாய் எதிரா நகர்ந்தா ஆயிரம் ரூபாய் காலி. பத்து லாட்னா பத்தாயிரம். மார்ஜின் லாபத்தை மட்டும் பெருக்காது. அதுவும் 2024 மே முதல், நிஜமா டாலர் வரவு செலவு இருக்கறவங்களுக்குத்தான் அங்கே இடம். மத்தவங்களை வளைக்கிற வெளிநாட்டு ஆப்களுக்கு ரிசர்வ் வங்கி எச்சரிக்கைப் பட்டியலே போட்டிருக்கு.

என்னைக் கேட்டா, வருஷத்துக்கு எஃப்.டி.யை விட நாலு பர்சன்ட் கூட எடுத்தாலே அவன் கெட்டிக்காரன். முதல் வருஷம், போட்ட முதல் மிஞ்சினாலே லாபம். கல்யாணக் காசு பேங்க்லயே இருக்கட்டும் தம்பி!