வீட்டோடு ஏசியும் ஃப்ரீயா? முதல்ல ஸ்டிக்கரைப் படிங்க
தர்மபுரியில் பழைய வீடு பார்க்கப் போனால், ‘ரெண்டு ஏசியும் உங்களுக்குத்தான் சார்’ என்று சொல்லியே விலையைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். அசந்துடாதீங்க.

வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆர்-22 என்று இருந்தால், அந்த ஏசிக்காக ஒரு ரூபாய்கூட சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் இந்த கேஸை, மான்ட்ரியல் ஒப்பந்தப்படி இந்தியா படிப்படியாக நிறுத்தி வருகிறது. லீக் ஆனால் திரும்ப நிரப்புவது வருஷத்துக்கு வருஷம் சிரமம்தான். அந்த மெஷினில் ஆர்-32 கேஸை மாற்றி அடைக்கவும் கூடாது. அதன் அழுத்தம் அதிகம், தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு.

ஸ்டார் லேபிளில் ஆண்டையும் பாருங்கள். 2022 ஜூலையில் விதி இறுகியபோது, பழைய 5 ஸ்டார் ஏசி 4 ஸ்டாராக இறங்கியது.

பெங்களூரிலிருந்து சனிக்கிழமை காலை வந்து, வீட்டைப் பார்த்துவிட்டு ஓடுபவர்கள் கவனிக்க: காலை நேரத்தில் எந்த ஏசியும் நல்லாத்தான் குளிரும். மதியம் 2 மணிக்கு 20 நிமிடம் ஓடவிடுங்கள். இன்டோர் யூனிட்டுக்குக் கீழே சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா?

ஏப்ரல், மே கரன்ட் பில்லையும் கேளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஓனர் மழுப்பினால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்தி, முதலில் மின் இணைப்பு எண்ணை வாங்குங்கள்.