சாயம் போனா சட்டை செத்துப்போச்சா?

மக்களே, துணி கிழியலை, தையல் விடலை, வெளுத்துப்போச்சு, அவ்வளவுதான். அதுக்குள்ள அது வண்டி துடைக்கிற துணியா? தேய்மானம் படிக்கிற காமர்ஸ்காரங்களே, உழைக்கிற சொத்தைப் பூஜ்யம்னு எழுதலாமா?

பருத்தின்னா ரியாக்டிவ் சாயப்பொடி, உப்பு, சலவை சோடா, கைக்கு உறை போதும். உப்பு சாயத்தை நூல்கிட்ட தள்ளும், சோடா பிடிக்க வைக்கும். பாலியஸ்டர்ல ஏறாது. தையல் நூல் பழைய நிறத்துலயே நிக்கும். நிக்கட்டுமே!

"சாயத்தண்ணி சாக்கடைக்குத்தானே போகுது?"ன்னு கேப்பீங்க. போகுது, ஒரு வாளி. புதுச்சட்டைக்கு மட்டும் சாயம் வானத்துல இருந்தா வருது? நொய்யல் நாறினதாலதான் 2011-ல திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். புதுசு வாங்கலைன்னா பருத்தி விளைய ஆகுற தண்ணியும் மிச்சம்.

கறுப்பு பேண்ட்ல ஆரம்பிங்க, திட்டுத்திட்டா வந்தாலும் அவ்வளவா தெரியாது :-)