அந்தரத்தில் நிற்கும் துளியும் வயலில் விழும் துளியும்

டில்லியிலுள்ள புசா ரோடு, தன் பெயருக்குப் பீகாரின் ஒரு சிற்றூருக்குக் கடன்பட்டிருக்கிறது. 1905-இல் அவ்வூரில் நிறுவப்பட்ட விவசாய ஆராய்ச்சி நிலையம் 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்து, 1936-இல் டில்லிக்குப் பெயர்ந்தபோது ஊரின் பெயரும் உடன் வந்தது. அதன் அண்டையில், தமிழகத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனை முதல் இயக்குநராகக் கொண்டு, தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலை 1950-இல் திறக்கப்பெற்றது. பயிரை ஆராய்வோரும் ஒலியை அளப்போரும் இங்கே அண்டை வீட்டார். இவ்விரு துறைகளும் ஒரு நீர்த்துளியில் கைகோக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒலியால் துளியை அந்தரத்தில் நிறுத்துவது மாயவித்தையன்று. செவிக்கு எட்டாத ஒலியை எதிரெதிர்த் திசைகளிலிருந்து செலுத்தினால், காற்றில் நிலையலை உண்டாகிறது. அதன் அழுத்தக் கணுக்களில் துளி சிறைப்படுகிறது. ஒலியின் அதிர்வெண் வினாடிக்கு 40,000 எனின், காற்றில் அலைநீளம் சுமார் 8.6 மில்லிமீட்டர், கணுவுக்கும் கணுவுக்கும் இடையே அதில் பாதி. எனவே ஓரிரு மில்லிமீட்டர் துளியே அதில் தங்கும். ஒலியை மிகுத்தால் துளி தட்டையாகும். பரப்பு இழுவிசை தோற்குமாயின் சிதறிவிடும். கணுவை நகர்த்தினால் துளியும் நகரும். இரு துளிகளைச் சேர்த்துக் கலக்கவும் இயலும்.

இதனால் பயன் யாது? கண்ணாடித் தட்டின்மேல் உலரும் துளி, தட்டின் வெப்பத்தையும் ஒட்டுதலையும் ஏற்கிறது. அந்தரத்துத் துளியோ எதையும் தொடுவதில்லை. காற்றில் பறக்கும் துளியின் இயல்புக்கு அது மிக அண்மையானது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சப்தர்ஷி பாசுவும் உடனுழைப்பாளரும் 2020-இல் இம்முறையைக் கையாண்டனர். மூச்சுத் துளிக்குப் பதிலாக உப்புநீர்த் துளியை ஒலியில் மிதக்கவிட்டு, நீர் ஆவியாகி உப்புப் படிகமாகும் போக்கை ஆராய்ந்தனர். கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் அது வீண் வேடிக்கையாக இருக்கவில்லை.

அதே கேள்வியை மருந்துத் தெளிப்பைப் பற்றியும் கேட்க வேண்டும். துளி உலரும் நேரம், ஏறத்தாழ அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் ஆயுள் காற்பங்கே. ஆகவே உச்சிவெயிலில் நுண்துளிகள் இலையைச் சேருமுன்பே சுருங்கி, மருந்துச் செறிவு மிகுந்து, காற்றோடு போகின்றன. அவை சேருமிடம் அடுத்த வயலாகலாம். தெளிப்பவரின் மூச்சாகவும் ஆகலாம். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பூச்சிமருந்து தெளித்த உழவரும் கூலியாட்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி மாண்டனர். அதற்குக் காரணங்கள் பல. எனினும், தெளித்த துளி எங்கே போகிறது என்பதை அற்பமாக எண்ணலாகாது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்துத் துளி பெரிது, வயலின் துளி சிறிது என்று ஆட்சேபம் கூறலாம். ஒலியே துளியைச் சுற்றிக் காற்றோட்டத்தை எழுப்பி, உலர்தலை மாற்றுகிறது என்றும் கூறலாம். இரண்டும் நியாயமே. ஆயினும் இவை கணக்கிட்டுத் திருத்தத்தக்க குறைகள். முயற்சியைக் கைவிடுவதற்குக் காரணங்கள் ஆகமாட்டா. எந்த மருந்துக் கரைசல், எந்த ஈரப்பதத்தில், எவ்வளவு விரைவில் உலர்கிறது என்ற அட்டவணை களப்பணியாளர் கைக்கு வருமாயின், "காலையில் தெளியுங்கள்" என்னும் அறிவுரை வெறும் சொல்லாக நில்லாது. எண்ணோடு கூடிய உண்மையாகும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. 2017-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 72 சிறு ஒலியெழுப்பிகளைக் கொண்டு இத்தகைய கருவியைச் செய்யும் வழியை உலகறிய வெளியிட்டனர். நம் பள்ளிகள் சிலவேனும் அதைச் செய்து பார்க்கலாம். தூய நீரே போதும்; மருந்தை வகுப்பறைக்குள் கொண்டுவரலாகாது. கேளாத ஒலியாயினும் செறிவு மிக்கதாதலால், காதைக் கருவியருகே வைக்கவும் கூடாது.

துளி நிற்பதைக் கண்டு மாணவர் வியப்பர். அத்துடன் பாடம் முடியலாகாது. "இது எவ்வளவு நேரத்தில் பாதியாகிறது?" என்று கேட்டு, கடிகாரத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கற்ற சிறுவன், மாலையில் தன் தந்தை தெளிப்பானைத் தோளில் ஏற்றும்போது, முதலில் காற்றின் திசையைப் பார்க்கச் சொல்வான்.