மணியை எடுக்காதீங்க!

குட்டீஸ்... ஒரகடம் அருகே வடக்குப்பட்டு கிராமத்தில், 2022ல் தொல்லியல் துறையினர் தோண்டிய போது, கண்ணாடி மணிகளும், தங்க அணிகலன்களும் கிடைத்தன. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில், இறந்தோரைப் புதைத்த பழங்கால கல்வட்டங்களும் ஏராளம்.

துாத்துக்குடி மாவட்டம், ஆதிச்சநல்லுாரில், தங்க நெற்றிப் பட்டம் கிடைத்தது. அது, இறந்தவருக்காக வைத்தது என, எப்படித் தெரிந்தது? புதைகுழியிலேயே இருந்ததால் தான்! ஆசையாக எடுத்து வந்து, வீட்டு அலமாரியில் வைத்த மணி, யாருடையது என்று எப்படிச் சொல்லும்?

தொழிற்சாலைகள் வரட்டும், அப்பா, அண்ணன்களுக்கு வேலை வேண்டுமே! ஆனால், மண் அள்ளும் முன், ஆய்வு செய்து, பதிவு செய்ய வேண்டும். மணியோ, தாழியோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், ஆசிரியரிடமோ, வி.ஏ.ஓ.,விடமோ உடனே சொல்லுங்கள்!